பழைய சைவ இதழ்களை இணையத்திற் பயிலுமாறு

ஏடு கிடைத்தல் வேறு. அதனைப் பிழையறக் கற்றல் வேறு. முன்னாளில் நம்மவர்க்கு ஏடு கிடைத்தலே அரிதாயிருந்தது. திரு. ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள் 1897-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘சித்தாந்த தீபிகை’யின் ஒரு தொகுதியைக் கண்ணாற் காணவும் பெரிய நூல்நிலையங்களை நாடவேண்டும். ஆவடியை அடுத்த வெள்ளானூரில் வாழும் எனக்கு, எழும்பூர்க் கன்னிமாரா நூல்நிலையஞ் சென்று மீள ஒரு பகல் கழியும். இன்றோ 1998-இல் தோன்றிய மதுரைத் திட்டமும், 2005-இல் ஈழத்தன்பர்கள் நிறுவிய ‘நூலகம்’ தளமும், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகமும் பல அரிய நூல்களையும் இதழ்களையும் வீட்டுத் திண்ணைக்கே கொணர்ந்துள்ளன. ஆயினும், அவற்றைத் திறந்து பயிலப் புகுவார்க்கு இடர்கள் சில நேர்கின்றன. எங்களூரில் ஞாயிறுதோறுங் கூடிச் சித்தாந்த நூல் பயிலும் அன்பர்களிடை யான் கண்ட இடர்களையும், அவை நீங்கிய வழிகளையும் ஈண்டுக் கூறுவேன்.

முதலாவது, இறக்கிய கோப்பு திறவாமை. ‘பி.டி.எப்.’ கோப்பில் எப்பகுதி எங்குளது என்று காட்டும் அட்டவணை பெரும்பாலும் அதன் இறுதியிலேயே உள்ளது. இணைப்பு இடையில் அறுந்து வால் குறைந்தால் முழுக் கோப்பும் கெட்டதுபோலத் தோன்றும். தளத்திற் குறித்த அளவோடு நம்மிடமுள்ள கோப்பின் அளவை ஒப்பிட்டுக் குறைந்திருப்பின் மீண்டும் இறக்குக. கணினியைப் பழித்துப் பயனில்லை.

இரண்டாவது, தேடிய சொல் அகப்படாமை. இதற்குக் காரணங்கள் பல. ‘பௌட்கரம்’ என்னும் ஆகமப் பெயரைச் சிலர் ஔகாரக் குறியிட்டு எழுதுவர். சிலர் எகரக் குறியும் ளகரமுமாகப் பிரித்துத் தட்டுவர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வேறு வேறு. இரு வகையாலும் தேடுக. ‘பவுட்கரம்’, ‘பௌஷ்கரம்’ என்றுந் தேடுக. பழைய உரைநடையிற் புணர்ச்சி மிகுதி. ‘நூலில்’ என்று தேடுவார்க்கு ‘நூலிற்’ என்பது அகப்படாது. ‘நூலி’ என்ற அளவில் நிறுத்தித் தேடின் இரண்டும் வரும். தமிழ்நாட்டரசு 1978-இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றதற்கு முன் அச்சான ஏடுகளில் ணை, லை, னை, றா முதலிய எழுத்துக்கள் வேறு வடிவின. புதிய வடிவிற் பழகிய எழுத்துணரி அவற்றைத் தவறாகப் படிக்கும். பல ஏடுகளோ வெறும் நிழற்படங்கள். அவற்றில் எச்சொல்லைத் தேடினும் வாராது. அங்கே பொருளடக்கத்தைப் பார்த்துத் தாள் புரட்டுவதே வழி.

பெயரும் மயக்கந் தரும். ‘சித்தாந்த தீபிகை’க்கு ‘லைட் ஆப் ட்ரூத்’ என்னும் ஆங்கிலப் பெயருமுண்டு. அப்பெயர் ஒன்றையே கொண்டு தேடின், தயானந்த சரசுவதியாரின் ‘சத்தியார்த்தப் பிரகாசம்’ முன்னே வந்து நிற்கும். அதன் ஆங்கிலப் பெயரும் அதுவேயாகலின். ஆண்டும் அவ்வாறே. தமிழாண்டின் பெயர் மட்டும் உள்ள இதழிற் ‘ஏவிளம்பி’ என்றிருப்பின், அது 1897-98 ஆகலாம், 1957-58 ஆகலாம், 2017-18 உம் ஆகலாம். தாளில் வரும் விளம்பரமும் நூல்மதிப்புரையும் காலத்தைத் தெளிவிக்கும்.

திரையின் பக்கவெண்ணும் அச்சுப் பக்கவெண்ணும் ஒவ்வாமை கண்டு திகைப்பாருமுளர். மேலட்டையும் விளம்பரத் தாள்களுஞ் சேர்ந்தெண்ணப்படுதலே காரணம். இரண்டிற்குமுள்ள வேறுபாட்டை ஒருமுறை கணித்துக்கொள்க. அவ்வேறுபாடு இடையில் மாறுமாயின், ஆண்டுத் தாள் விடுபட்டது அல்லது இருமுறை படமெடுக்கப்பட்டது என்றறிக. வேறொரு நிலையத்துப் படியைத் தேடுக.

இவையெல்லாம் கருவியின் குறைகள், பொறுமையால் நீங்குவன. இவற்றினும் பெரிதொன்றுண்டு. எங்கள் அவைக்கு வரும் முதியவர் ஒருவர், நாற்பதாண்டு சிவபூசை வழுவாதவர், ஒருநாள் வாட்டத்துடன் வந்தார். தேடுபொறி காட்டிய பழைய சைவ இதழின் தனித் தாளொன்று அவர் கைப்பேசியில் இருந்தது. உலகம் பொய்த்தோற்றமே, உயிரும் இறையும் ஒன்றே, ஆகலின் பூசை வேண்டா என்று அத்தாள் உரத்து வாதிட்டது. “நம்மவர் இதழே இவ்வாறு கூறின், யான் இத்தனை காலஞ் செய்தது என்ன?” என்றார். யாவரும் வாளா இருந்தோம். பின்னர், அவ்விதழின் முழுத் தொகுதியையும் திறந்து இரண்டு தாள் முன்னே சென்றோம். ஆங்குக் கட்டுரையாசிரியர், மாற்றார் கூற்றை முதற்கண் அவர் வாயாலேயே உரைத்து, அதன்பின் மறுப்பேன் என்று தெளிவாக எழுதியிருந்தார். மறுப்பு அடுத்த திங்களிதழில் இருந்தது. அதனை உரக்கப் படிக்கக் கேட்ட முதியவர் முகந் தெளிந்தது.

சைவ அன்பர்காள்! பரபக்கம் கூறிப் பின் சுபக்கம் நாட்டுதல் நம் சாத்திர மரபு. சிவஞான சித்தியார் அவ்விரு பகுதியாக அமைந்ததை நாமறிவோம். தேடுபொறி அம்மரபை அறியாது. அது சொல்லைக் காட்டும். அச்சொல் யார் கூற்று என்று காட்டாது. இருபத்தித் தாளை எழுத்துணரி குறுக்கே படித்து, வினாவையும் விடையையும் ஒரு வரியாக்குதலும் உண்டு. ஆதலின், தனித்தாள் கொண்டு ஒருபோதும் முடிபு கொள்ளற்க. கட்டுரையைத் தலைப்பிலிருந்து படிக்க. ‘தொடரும்’ என்றிருப்பின் அடுத்த இதழையும் தேடுக. ஐயமுற்ற எழுத்தை நிழற்படத்தோடு ஒப்பிடுக. பிறர்க்கு அனுப்புங்கால் இதழின் பெயர், தொகுதி, திங்கள், பக்கம் ஆகிய நான்கையும் உடன் எழுதுக. பார்வை குன்றிய முதியோர்க்கு இளைஞர் அருகிருந்து படித்துக் காட்டுதல் சிறந்த தொண்டாம்.

சிவம்.