மல்லாட்டையும் மாத்திரையும்

பாகூர்ப் பக்கம் போய் 'நிலக்கடலை இருக்கா?' என்று கேட்டுப் பாருங்கள். வெளியூர் ஆசாமி என்று உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அங்கே அது மல்லாட்டை. மணிலாக்கொட்டை என்பது நாக்கில் தேய்ந்து தேய்ந்து அப்படி ஆகிவிட்டது. தென் அமெரிக்காவில் பிறந்து, பிலிப்பைன்ஸ் தலைநகரின் பெயரை ஒட்டிக்கொண்டு, தென்னார்க்காட்டுச் செம்மண்ணில் குடியேறிய பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியில் இந்த மல்லாட்டை புதுச்சேரியில் கப்பல் ஏறி, பிரான்ஸின் மார்செய் நகரத்துக்கு மூட்டை மூட்டையாகப் போனது. அங்கே எண்ணெய் ஆலைகள் காத்திருந்தன. பக்கத்திலேயே சோப்புத் தொழிற்சாலைகளும்.

எண்ணெய் எப்படி சோப்பாகிறது? இதற்குச் சரியான விடை சொன்னவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். மிஷேல் யூஜின் ஷெவ்ரல். 1786-ல் பிறந்து, 1889-ல் 102 வயதில் காலமானவர். கொழுப்பைக் காரத்தில் போட்டுக் காய்ச்சினால் அது கிளிசரினாகவும் கொழுப்பு அமிலங்களாகவும் பிரிகிறது, அந்த அமிலம் காரத்தோடு சேர்ந்துதான் சோப்பாகிறது என்று காட்டினார். 1823-ல் அதைப் புத்தகமாகவே போட்டார்.

ஒரு திரிசூலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடி கிளிசரின். மூன்று முனைகளும் மூன்று கொழுப்பு அமிலங்கள். இதுதான் டிரைகிளிசரைடு. உங்கள் வீட்டு எண்ணெய், நெய், உங்கள் தொப்பை, எல்லாமே பெரும்பாலும் இந்தத் திரிசூலங்கள்தாம். வித்தியாசம் முனைகளில் இருக்கிறது. லாரியில் சவுக்குக் கழி ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். நேராக இருப்பதால் நெருக்கமாக அடுக்கலாம். முருங்கைக் கிளையை அப்படி அடுக்க முடியாது, கோணிக்கொண்டு நிற்கும். தேங்காய் எண்ணெயில் பெரும்பாலும் நேரான சங்கிலிகள், அதனால் மார்கழிக் குளிரில் உறைந்துவிடுகிறது. மல்லாட்டை எண்ணெயில் கோணல் சங்கிலிகள் அதிகம், அதனால் உறையாமல் ஓடுகிறது. நேரானதற்கு 'சேச்சுரேட்டட்', கோணலுக்கு 'அன்சேச்சுரேட்டட்' என்று பெயர். விஷயம் இவ்வளவுதான்.

கோணலை நிமிர்த்தி எண்ணெயை நெய் மாதிரி கெட்டியாக்கியது வனஸ்பதி. நிமிர்த்தும் வேலை பாதியில் நின்றால் 'டிரான்ஸ்' என்ற விபரீத வடிவம் வந்துவிடுகிறது. இதயத்துக்கு அதைவிடக் கெட்ட கொழுப்பு இல்லை. 2022 முதல் நம் நாட்டில் எண்ணெய், கொழுப்புகளில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், வில்லியனூரில் என் பெரியம்மா இருக்கிறார். வயது 68. இரண்டு வருஷத்துக்கு முன் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். தினம் ராத்திரி ஒரு கொலஸ்ட்ரால் மாத்திரை. போன மாதம் பார்க்கப் போனபோது சாதாரணமாகச் சொன்னார்.

"மாத்திரைய நிறுத்திட்டேன் தம்பி."

"யாரைக் கேட்டு பெரிம்மா?"

"யாரக் கேக்கணும்? செக்கெண்ணெய்க்கு மாறிட்டோமில்ல. அதுல கொலஸ்ட்ராலே இல்லன்னு டப்பாலயே போட்டிருக்கான் பாரு."

போட்டிருந்தது. பொய் இல்லை. ஆனால் தாவர எண்ணெய் எதிலுமே கொலஸ்ட்ரால் கிட்டத்தட்டக் கிடையாது. இளநீர் மேல் 'எலும்பு இல்லாதது' என்று எழுதி ஒட்டுவது மாதிரி அது. செக்கெண்ணெய்க்கு வாசனை உண்டு, ருசி உண்டு. ஆனால் செக்கில் ஆட்டினாலும் ஆலையில் ஆட்டினாலும் ஒரு கிராமுக்கு 9 கலோரிதான். சோற்றின் மாவுச்சத்தில் 4.

கொலஸ்ட்ராலுக்குப் பெயர் வைத்ததும் அதே ஷெவ்ரல்தான். பித்தப்பைக் கல்லில் இருந்த பொருள் அது. மற்ற கொழுப்புபோல் காரத்துக்கு மசிந்து சோப்பாகவில்லை. அதனால் இது வேறு ஜாதி என்று தெரிந்தது. வேறு ஜாதியே தவிர வில்லன் இல்லை. நம் உடம்பின் ஒவ்வொரு செல்லுக்கும் சுவர், இரண்டு வரிசைக் கொழுப்பு மூலக்கூறுகள்தாம். தலை தண்ணீரைப் பார்த்து, வால் தண்ணீருக்குப் பயந்து உள்ளே மறைந்து நிற்கிற வரிசை. அந்தச் சுவருக்கு இறுக்கம் தருவது கொலஸ்ட்ரால். பித்தநீர், வைட்டமின் டி, ஆண் பெண் ஹார்மோன்கள் எல்லாம் அதிலிருந்துதான். அவ்வளவு முக்கியம் என்பதால் உடம்பு சாப்பாட்டை நம்பியிருப்பதில்லை. பெரும்பகுதியைத் தானே தயாரித்துக்கொள்கிறது, முக்கியமாகக் கல்லீரலில்.

ரத்தம் தண்ணீர். கொழுப்பு அதில் கரையாது. அதனால் புரத உறை போட்டு பார்சல் பார்சலாக அனுப்புகிறது உடம்பு. எல்.டி.எல். என்பது அப்படி ஒரு பார்சல். அளவுக்கு மிஞ்சினால் ரத்தக்குழாய்ச் சுவருக்குள் புகுந்து தங்கிவிடும், வருஷக்கணக்கில் படியும். மாத்திரை செய்வது, கல்லீரலில் உற்பத்தியைக் குறைப்பது. எண்ணெய் மாறினாலும் கல்லீரல் மாறவில்லையே?

இதைத்தான் திரிசூலம், சவுக்குக் கழி சகிதம் பெரியம்மாவிடம் அரைமணி நேரம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "அது இல்ல தம்பி. அந்த மாத்திரை போட்டா தொடையெல்லாம் கடுத்துக் கடுத்து வலிக்குது. நாத்து நட்ட காலத்துலகூட இப்படி வலிச்சதில்ல. டாக்டர்கிட்ட சொன்னா திட்டுவாரோன்னு..." என்றார்.

டப்பா எழுத்து ஒரு சாக்குதான். தசைவலி இந்த மாத்திரைகளில் சிலருக்கு வருகிற தொந்தரவு, டாக்டர்களுக்குத் தெரிந்ததும்கூட. மறுநாளே அழைத்துப் போனேன். டாக்டர் திட்டவில்லை. ஒரு ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு வேறு மாத்திரையைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார். இப்போது வலி இல்லை என்கிறார் பெரியம்மா.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருக்கலாம். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது என்ன எண்ணெய் ஊற்றுகிறீர்கள் என்று விசாரிப்பதோடு விட்டுவிடாதீர்கள். மாத்திரை அட்டையை வாங்கி, எத்தனை குழி காலியாகியிருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கணக்கு உதைத்தால் அதட்டாமல், எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.