ஊத்து, லைன் வீடு

ஜூன் 10, 2024. வேம்பார்
சித்தி போனில் அழவில்லை. "விருப்ப ஓய்வுன்னு தாளை நீட்டுதாவ. கையெழுத்துப் போட்டாச்சு. காலி பண்ணுமுன்ன வீட்ட ஒரு போட்டோ பிடிச்சுக் குடுய்யா" என்றாள். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்த 31 வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஜூன் 12
மணிமுத்தாறு சோதனைச் சாவடி. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, பிறகு சித்தி இருக்கும் ஊத்து. வழியெல்லாம் மழை.

ஜூன் 13
மூடுபனியை மீட்டர் சொன்னபடி எடுத்தால் அழுக்குச் சாம்பலாக விழும். ஒரு ஸ்டாப் கூட்டினேன். வேம்பார் மணலுக்கும் நண்பகலில் இப்படித்தான் கூட்டுவேன். குளிரிலிருந்து நேரே சித்தியின் அடுப்படிக்குள் போனதும் லென்ஸ் வெளுத்துப்போனது. துடைக்கக் கூடாது; பைக்குள் மூடி வைத்து, தானாகத் தெளியக் காத்திருக்க வேண்டும். உப்புக்காற்றுக்குப் பழகிய கை துடைக்கத்தான் போனது.

காலையில் எடுத்த படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வெண்மைக்குள் கூரை விளிம்பு மட்டும், கடலில் கவிழ்ந்த வள்ளம் மாதிரி. சித்தியிடம் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. வீடு எங்கய்யா?"

கோபம் வந்தது. பதில் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன். ஊரில் விடியலுக்கு எதிரே வள்ளங்களை நிழலாக எடுப்பேன். காலண்டர்காரர்கள் வாங்குவார்கள். வள்ளத்துக்காரர் ஒருவரும் அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டதில்லை.

பக்கத்துத் தொழிலாளர் லைன் பெரியவர் விரல் மடக்கினார். சிங்கம்பட்டி ஜமீனிடம் தேயிலைக் கம்பெனி இந்த மலையைக் குத்தகை எடுத்தது 1929இல், 99 வருஷத்துக்கு. "கணக்குக்கு 2028. நாலு வருஷம் கிடக்கு." 1999 ஜூலை 23 அன்று, கூலி கேட்டுப் போன தோட்டத் தொழிலாளர் ஊர்வலத்தில் போலீஸ் அடிக்குப் பயந்து தாமிரபரணியில் இறங்கிச் செத்த 17 பேரைப் பற்றிப் பேசினார். கேமரா பையிலேயே இருந்தது.

ஜூன் 14
முக்காலியை வாசலுக்கு நேராக நிறுத்தி ஆறு மணியிலிருந்து காத்திருந்தேன். காலில் அட்டை. பதினொன்றரைக்குப் பனி விலகியது, ஐந்து நிமிஷம் இருக்கும். நிழலே விழாத தட்டை வெளிச்சம். கதவு, கதவு எண், துணி துவைக்கும் கல், கொய்யா மரம், எல்லாம் விழுந்தன. அழகான படம் இல்லை. "நீங்களும் நில்லுங்க சித்தி" என்றேன். "வீடு போதும்."

ஆகஸ்ட் 21. வேம்பார்
சித்தி எங்கள் வீட்டுக்கு வந்து பத்து நாள். புழுக்கத்தில் தூங்குவதில்லை. கம்பளியை மடித்துத் தலைக்கு வைத்திருக்கிறாள். கடலைப் பார்க்க வரமாட்டேன் என்கிறாள்.

ஆகஸ்ட் 22
இன்றும் வரவில்லை.

டிசம்பர் 4
தேயிலைத் தோட்டத்தை அரசே எடுத்து நடத்தக் கேட்ட மனுக்களை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நேற்றுத் தள்ளுபடி செய்துவிட்டது. பேப்பரைச் சித்தியிடம் எப்படிக் கொடுப்பது என்று மதியம் வரை வைத்திருந்தேன். அவளுக்கு ஏற்கெனவே போன் வந்திருந்தது.

படத்தைச் சட்டம் போட்டுக் கொடுத்தேன். சட்டத்தைக் கழற்றித் திருப்பித் தந்துவிட்டு, படத்தை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பெட்டியில் வைத்துக்கொண்டாள். கார்டில் இன்னும் ஊத்து முகவரிதான் இருக்கிறது.