கடைக்குக் கொடுக்கும் முன் கொஞ்சம் படியுங்கள்



2011-இல் தொடங்கிய அரசு மடிக்கணினித் திட்டம் நினைவிருக்கிறதா? விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. நம் சென்னை சி-டாக் உருவாக்கியது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை, எனக்கு அது வருத்தம்தான்.

இன்றும் லினக்ஸ் வைத்திருக்கிற சிலரில் ஒருத்தி, திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கும் என் பழைய மாணவனின் மகள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கிற நேரத்தில் ஃபயர்பாக்ஸ் திறக்கவில்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றாராம் ஒரு கடைக்காரர். சான்றிதழ் ஸ்கேன், பாஸ்வேர்டு எல்லாம் அதற்குள்தான்!

திரையில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி இருந்தது. வாசிக்கச் சொன்னேன். ஃபயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது, ஆனால் பதில் தரவில்லை. ஜன்னலை மூடினாலும் பழையது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். ஒரே ப்ரொஃபைலை இரண்டு பேர் எடுத்தால் குழம்பும் என்று புதியதை அது உள்ளே விடாது.

டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் கில்ஆல், ஓர் இடம் விட்டு ஃபயர்பாக்ஸ், என்டர். பிறகு திறந்தது. ஒரு செய்தியும் வராவிட்டால் டெர்மினலில் ஃபயர்பாக்ஸ் என்று மட்டும் அடியுங்கள், பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும். டிஸ்க் நிரம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அப்படியும் கடைக்குப் போகத்தான் வேண்டுமென்றால், ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோலும் ஹெச்சும் சேர்த்து அழுத்துங்கள். புள்ளியில் தொடங்கும் மொசில்லா ஃபோல்டர் தெரியும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் அதில்தான். உங்கள் கோப்புகளோடு அதையும் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போங்கள்.