மார்க்கம் சாலையின் பிள்ளைகள்

"இங்க பிறந்த பிள்ளையளிட்ட ஒண்டும் மிஞ்சேல்லை. அதுவுமில்லை, இதுவுமில்லை."

டொராண்டோவில் நான் சந்தித்த ஈழத்துப் பெரியவர்கள் பலரும் இதையே வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். கேட்டதை அப்படியே எழுதிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை காலை வார்டன் ரயில் நிலையத்தில் இறங்கி, ஸ்கார்பரோவின் மார்க்கம் சாலைக்குப் போகும் 102ஆம் எண் பஸ்ஸில் ஏறினேன். அட்டையைத் தட்டினால் 3.30 டாலர். இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம்.

பஸ் மார்க்கம் சாலையைப் பிடித்து வடக்கே போகிறது. குறுக்கே வரும் பெருஞ்சாலைகள் ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டருக்கு ஒன்று: லாரன்ஸ், எல்ஸ்மியர், ஷெப்பர்ட், ஃபின்ச். ஒவ்வொரு நிறுத்தத்திலும் முகங்கள் மாறின. பிலிப்பைன்ஸ், கயானா, ஜமைக்கா, சீனா, சோமாலியா. 2021 கணக்கெடுப்பின்படி இந்த மாநகரத்தில் 46.6 சதவீதம் பேர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள்.

பின்சீட்டில் இருபது வயது மதிக்கத்தக்க மூன்று பையன்கள். ஒருவன் கழுத்தில் வேல் டாலர். பக்கத்தில் இருந்த சோமாலிய நண்பனிடம் ஏதோ சண்டை பிடித்து, "வல்லாஹி" என்று சத்தியம் செய்தான். போன் அடித்தது. "ஓம் அம்மா, வாறன். மரக்கறி வாங்கிட்டன்" என்றான். வைத்த கையோடு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தான். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகிற தடுமாற்றம் எதுவும் அவன் முகத்தில் தெரியவில்லை.

மக்நிகல் சாலை அருகே இறங்கினால் மெஜஸ்டிக் சிட்டி. கொழும்பு பம்பலப்பிட்டியில் இருக்கும் கடைத்தொகுதியின் அதே பெயர். 1983 ஜூலை வன்முறைக்குப் பின் கனடா வந்தவர்கள், ஊரைவிட்டு வரும்போது தெருப் பெயர்களையும் கடைப் பெயர்களையும் கூடவே கொண்டு வந்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தேன். பொரித்த ரோல்ஸ் வாசமும் சம்பலின் காரமும் வாசலிலேயே மூக்கில் ஏறின. மட்டன் ரோல்ஸ் ஒன்று 2 டாலர், கொத்து ரொட்டி 14. கல்லாவில் நின்ற பெண் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், சனி ஞாயிறுகளில் இங்கே வேலை. "இடியப்பம் பத்தா இருபதா, அன்ரி? சொதி வேணுமா?" என்று என்னிடம் கேட்டாள். அடுத்தவருக்கு ஆங்கிலம். அதற்கடுத்து வந்த முதியவருக்கு, அவர் வாய் திறக்கும் முன்பே உறைப்பில்லாத கறி.

நாலு கடை தள்ளி ஒரு மருந்துக்கடை. அங்கே ஓர் இளைஞன் அம்மம்மாவுக்காக மருந்தாளரிடம் பேசிக்கொண்டிருந்தான். ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, பழைய மாத்திரையை நிறுத்துவதா என்று ஆங்கிலத்தில் விசாரித்தான். பிறகு குனிந்து, "சாப்பிட்ட பிறகு ரெண்டு தரம், அம்மம்மா. வெறும் வயித்தில போடக் கூடாது" என்றான். அவனுடைய தமிழ் தட்டித் தடுமாறியது. ஆனால் அந்த அம்மாவின் உடம்பு அந்தத் தமிழை நம்பித்தான் இருக்கிறது. பத்து வயதிலிருந்தே இந்த வேலை பார்க்கிறானாம். வங்கிக் கடிதம், வரிப் படிவம், ஆஸ்பத்திரி எல்லாம் அவன் பொறுப்பு. பிள்ளைகள் தமிழ் பேசுவதில்லை என்று குறைபட்டவர்கள் யாரும் இதை எனக்குச் சொல்லவில்லை.

மதியத்துக்கு மேல் திரும்பத் தெற்கே வந்து, எல்ஸ்மியர் சாலையில் கிழக்கே போகும் பஸ் பிடித்து, டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஸ்கார்பரோ வளாகம் சேர்ந்தேன். தமிழ் இருக்கைக்காக 30 லட்சம் டாலர் திரட்டப்பட்ட வளாகம் இது. 1960களில் எழுந்த நீண்ட கான்கிரீட் கட்டடம். அதன் தாழ்வாரத்தில் மாணவர்கள் கலைநிகழ்ச்சிக்கு ஒத்திகை பார்த்தார்கள். பாதி பரதம், பாதி ஹிப்ஹாப். சீன வம்சாவளிப் பெண் ஒருத்தி "தித்தித்தை" சொல்லிக் காலைத் தட்ட, முழங்காலை இன்னும் மடக்கு என்று ஒரு தமிழ்ப் பெண் திருத்தினாள்.

திருத்திய பெண்ணுக்கு 22 வயது. இடைவேளையில் போனை நீட்டி ஒரு செயற்கைக்கோள் படத்தைக் காட்டினாள். வலிகாமம் வடக்கு. 1990இல் சண்டையில் ஊரே காலியானபோது அவளுடைய அப்பா பதின்வயதுப் பையன். பின்னர் அந்தப் பகுதி ராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமானது. நிலம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அவள் அங்கே போனதே இல்லை. "அப்பா ஒண்டும் சொல்ல மாட்டார், அன்ரி. நான் கேட்டுக் கேட்டுத்தான் ஒருநாள் பேப்பரில கீறித் தந்தவர்" என்றாள். கோயில், குளம், கிணறு, அங்கிருந்து எத்தனை வேலி. கடை பில் ஒன்றின் பின்பக்கம் அப்பா கீறிய அந்தப் படத்தைப் போனில் தெரியும் மரங்களோடு ஒப்பிட்டு, கூரையில்லாத ஒரு சதுரத்தில் விரல் வைத்தாள். அதுதான் வீடு என்று நம்புகிறாள்.

அப்பா ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். "நாங்கள் நிம்மதியா இருக்கட்டும் எண்டு நினைச்சிருப்பார்" என்றாள்.

2009 மே மாதம் இலங்கையில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி டொராண்டோத் தமிழர்கள் கார்டினர் விரைவுச்சாலையில் ஏறி உட்கார்ந்தபோது, இன்று ஒத்திகைக்குக் கூடியிருந்த மாணவர்களில் மூவர் சின்னப் பிள்ளைகளாக அங்கே இருந்தவர்கள். நெரிசலும் அம்மா அழுததும் நினைவிருக்கின்றன. ஏன் அழுதாள் என்று பிற்பாடு அவர்களே தேடிப் படித்துத் தெரிந்துகொண்டார்கள்.

பெரியவர்களிடம் கேட்ட பேச்சையும் அன்று பார்த்ததையும் பக்கத்தில் வைத்தால் எனக்குப் படுவது இதுதான். இந்தப் பிள்ளைகள் எதையும் தொலைக்கவில்லை. கையில் கொடுக்கப்படாததைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், அதுவும் படிப்புக்கும் வேலைக்கும் வீட்டுப் பொறுப்புக்கும் நடுவில். ஸ்கார்பரோ அவர்களுக்கு நண்பர்களையும் பேச்சையும் கால்களுக்குத் தாளத்தையும் கொடுத்துவிட்டது. கிணறு எங்கே இருந்தது என்பதை மட்டும் அந்த ஊரால் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடியவர்கள் வீட்டிலேயே இருக்கிறார்கள், அவர்களுக்கும் வயதாகிறது. பிள்ளைகளைப் பற்றிக் குறை சொல்லும் நேரத்தில் பாதியைக் கொடுத்தால் போதும்; ஒரு தாளும் பேனாவும் எடுத்து, கேட்பதற்கு முன்பே கீறித் தரலாம்.