ரோலில் மிஞ்சிய ராத்திரி

கல்யாண வீட்டில் எடுத்தது போக ரோலில் ஒன்றிரண்டு மிஞ்சினால்தான் பெரம்பலூர் ராத்திரிக்குப் படத்தில் விழும் யோகம் வாய்க்கும். 120 ரோலில் 12 படம்தான். மறுநாளே கழுவியாக வேண்டும் என்பதால், மிச்சத்தை எங்கள் தெரு ஸ்டுடியோ அண்ணன் பழைய பஸ் ஸ்டாண்டில் தீர்த்துவிடுவார். கேமரா ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவது என் வேலை.

அப்போது பெரம்பலூர் திருச்சி மாவட்டத்தில் இருந்தது. தனி மாவட்டம் ஆனது 1995-இல். கடைத்தெரு சீக்கிரமே அடங்கிவிடும். திருச்சி - சென்னை சாலை மட்டும் உறங்காது. டீக்கடை பாய்லர், பரோட்டாக் கல் சத்தம், இரண்டாவது ஆட்டம் விட்டு வரும் கூட்டம். புகைப்படக்காரர் பிரஸ்ஸாய் 1930-களில் எடுத்த பாரிஸ் இரவுகளைப் பின்னாளில் பார்த்தேன். அந்த விடுதிகளும் நடனமும் எங்களுக்கு ஏது? ஆனால் மழை விட்ட தெருவில் விளக்கு விழும் அழகில் பாரிசுக்கு நாங்கள் இளைத்தவர்கள் இல்லை.

யாஷிகா கேமராவை ஸ்டாண்டில் பூட்டி, ஷட்டர் திறந்தே நிற்கும் ‘பி’யில் வைத்து, அண்ணன் வாய்க்குள் எண்ணுவார். நடப்பவர்கள் படத்தில் விழ மாட்டார்கள். நின்று டீ குடிப்பவர் விழுவார். பஸ் போனால் வெள்ளைக் கோடுதான் மிஞ்சும். “மாமா, ஆடாம நில்லுங்க!” என்று டீ மாஸ்டரைப் பார்த்து நான் கத்துவேன். அவர் கைதான் நிற்காதே! படத்தில் முகம் இருக்கும், கை புகையாகியிருக்கும்.

கல்யாணம் அரியலூரில் என்றால் ரயிலடிக்குப் போவோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் ஓடும் சிமெண்ட் ஊர். சாலையோர வேம்பு ராத்திரியிலும் வெளுத்துத் தெரியும். பெரியவர்கள் பேச்சு 1956 மருதையாற்றுப் பால விபத்தில்தான் போய் நிற்கும். லால் பகதூர் சாஸ்திரி மந்திரி பதவியை விட்டாரே, அந்த விபத்து.

பிறகு சோடியம் விளக்கும் கலர் ரோலும் வந்தன; ஊருக்கே மஞ்சள் காமாலை கண்டதுபோல் ஆயிற்று. கறுப்பு வெள்ளையில் இருட்டு இருட்டாகவே இருந்தது.

டீக்கடைப் படத்தை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? ஸ்டுடியோ மூடியபோது நெகடிவ் கட்டுகளெல்லாம் வெள்ளி எடுக்கிறவர்களிடம் எடைக்குப் போயின. ராத்திரி நெகடிவில் வெள்ளி அதிகம் தங்காது. இருட்டான இடமெல்லாம் வெறும் தெளிவாக இருக்கும், அங்கிருந்த வெள்ளி ஹைப்போவில் கரைந்து போயிருக்கும். உங்கள் ஊர் ஸ்டுடியோவில் இன்னும் கட்டுகள் கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஸ்கேன் எடுத்து வையுங்கள்.