வசூலுக்குப் போன குதிரைக்காரன்

ராத்திரி மணி ஒன்றரை. குதிரைக்குப் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கொண்டிருந்தேன்.

பூந்தமல்லியில் குதிரை ஏது என்று கேட்கிறீர்களா? அதையேதான் என் சகதர்மிணியும் கேட்டாள், கொஞ்சம் வேறு மாதிரி. "என்னங்க... வாசல்ல நிக்கிற பைக்கைத் துடைச்சு ஆறு மாசமாச்சு. இல்லாத குதிரைக்கு இந்த நேரத்துல பிரஷ் போடறீங்களே, இது உங்களுக்கே நல்லா இருக்கா?"

நல்லா இல்லைதான். ஆனால் தேய்க்காவிட்டால் குதிரை மேல் சேறு அப்படியே காய்ந்து போகும். ஓடும்போது சீக்கிரம் களைத்து விடும். பைக்குக்கு அந்தப் பிரச்னை இல்லை பாருங்கள்.

விஷயம் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'. ராக்ஸ்டார் கம்பெனியின் கம்ப்யூட்டர் விளையாட்டு. 2018 அக்டோபர் 26-ஆம் தேதி வெளியாகி, முதல் மூன்றே நாளில் 72.5 கோடி டாலர் வியாபாரம். நம்ம மாதிரி கம்ப்யூட்டர்காரர்களுக்கு அதுவும் ஒரு வருஷம் கழித்து, 2019 நவம்பரில்தான் கிடைத்தது. அதை ஓட்டுகிற அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர் என் வீட்டுக்கு வர மேலும் சில வருஷம் பிடித்தது. மச்சான் புதுசு வாங்கியபோது பழசைத் தள்ளிவிட்டான். "சும்மா வச்சுக்குங்க மாமா" என்றான். சும்மா இல்லை, அவன் கடைக்கு நான்தான் இன்றுவரை ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுகிறேன்.

இந்த ஜாதி விளையாட்டுக்கு 'ஓப்பன் வேர்ல்டு' என்று பெயர். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பழைய விளையாட்டுகள் எல்லாம் 54-ஆம் நம்பர் பஸ் மாதிரி. பூந்தமல்லியில் ஏறினால் பிராட்வே. நடுவில் குதித்து எங்கேயும் திரும்ப முடியாது. ஓப்பன் வேர்ல்டு என்பது சொந்த வண்டி. நசரத்பேட்டைக்கும் போகலாம், குமணன்சாவடியில் நின்று டீயும் குடிக்கலாம், எங்கேயும் போகாமல் ஏரிக்கரையில் உட்கார்ந்தும் இருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது கல்லூரிக்குப் போகும் முன்பே. டிரங்க் ரோடு பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். மணிக்கு இருபது ரூபாய். ரிசல்ட் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு (எந்த ரிசல்ட் வருஷம் பூராவும் வருமோ, அம்மா கேட்டதில்லை) 'வைஸ் சிட்டி' ஆடுவோம். 'பேன்சர்' என்று டைப் அடித்தால் வானத்திலிருந்து ஒரு டாங்கி விழும். அடுத்து வந்த 'சான் ஆன்ட்ரியாஸி'ல் 'ஹெசோயாம்' என்று அடித்தால் கையில் இரண்டரை லட்சம் டாலர், உடம்பில் பூரண ஆரோக்கியம். இன்றைக்கும் மாசம் இருபத்தைந்தாம் தேதி வாக்கில் ஏ.டி.எம். வாசலில் நிற்கும்போது என் விரல்கள் தாமாகவே அதை அடித்துப் பார்ப்பது உண்டு.

அந்தக் கம்பெனிதான் இதையும் செய்தது. ஆனால் அந்தக் காலத்து குஷி வேறு, இது வேறு.

முதலில் பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். 1899-ஆம் வருஷத்து அமெரிக்கா. கதாநாயகன் ஆர்தர் மார்கன், டச் என்பவன் தலைமையிலான கொள்ளைக் கூட்டத்தில் ஒருத்தன். ஆளுக்குத் தாடி வளரும். சாப்பிடாவிட்டால் இளைப்பான். சேற்றில் விழுந்தால் சட்டை சேறு, மழை வந்தால் கழுவிவிடும். குளிர்ப் பிரதேசத்துக்குப் போனால் ஆண் குதிரையின் அந்தரங்க சமாசாரம்கூடச் சுருங்கும். ஆமாம் சார், நிஜமாக! அதற்கென்று ஒரு ஆள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான். மேனேஜர் வந்து "இன்னும் கொஞ்சம் சுருக்குங்க" என்று கரெக்‌ஷன் சொல்லியிருப்பார் என்று நினைக்கும்போது, நாம் பார்க்கிற ஆபீஸ் வேலை அவ்வளவு மோசமில்லை என்று ஒரு ஆறுதல்.

சிரித்துவிட்டேன், ஆனால் சிரிக்கிற விஷயமில்லை. வெளியாகும் சமயத்தில் ராக்ஸ்டாரின் டான் ஹவுசர் ஒரு பேட்டியில், வாரத்துக்கு நூறு மணி நேரம் வேலை செய்ததாகப் பெருமையாகச் சொல்லிவிட்டார். பெரிய ரகளை. பிறகு, அது எழுத்துக் குழுவின் சீனியர்கள் நாலு பேர் மட்டும், அதுவும் மூன்று வாரம் மட்டும் என்று விளக்கம் வந்தது. இதில் நம்ம பெங்களூர் கிளையின் உழைப்பும் சேர்ந்திருக்கிறது. நூறு மணி நேரம் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து தினம் பதினாலு மணிக்கு மேல். மார்ச் மாதக் கணக்கு முடிக்கிறவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

இனி குறை. ரசிகனுக்குத்தான் குறை சொல்ல உரிமை.

மேஜை டிராயரைத் திறந்து ஒரு டப்பா பீன்ஸ் எடுக்க, தாலுகா ஆபீஸில் சர்டிபிகேட் எடுக்கிற நேரம் ஆகிறது. குனிவான், திறப்பான், பார்ப்பான், எடுப்பான். முயல் அடித்தால் தோலை உரிக்கிற வரை நாமும் நின்று பார்க்க வேண்டும். அது போகட்டும். பெரிய குறை, இது 'ஓப்பன் வேர்ல்டு' என்பதே பாதிப் பொய். ஊர் சுற்றும் வரைதான் சுதந்திரம். கதைக்குள் ஒரு வேலையை ஒப்புக்கொண்டுவிட்டால், அவன் சொன்ன பாதை, அவன் சொன்ன மரத்துக்குப் பின்னால், அவன் சொன்ன நேரத்தில். நாலு அடி தள்ளிப் புத்திசாலித்தனமாக வேறு வழியில் போனால், கூட்டாளிகளைக் கைவிட்டுவிட்டாய், தோற்றாய், மறுபடி ஆரம்பி என்று வரும். சொந்த வண்டி என்று நம்பி ஏறினால், கண்டக்டர் வந்து டிக்கெட் கேட்கிறார்!

இதைச் சொல்லிச் சொல்லி மச்சானிடம் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் எனக்கு நிஜமாகவே வலித்த இடம் வேறு. அதற்கு என் பூர்வ கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

டச்சின் கூட்டத்தில் ஸ்ட்ராஸ் என்று ஒரு ஆஸ்திரியாக்காரன். மூக்குக் கண்ணாடி, கணக்குப் புத்தகம். வேலை, ஏழைகளுக்குக் கடன் கொடுப்பது. வட்டி எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம்ம ஊரில் கந்துவட்டி, மீட்டர் வட்டி என்று பல பெயரில் அவனைப் பார்த்திருப்பீர்கள். தமிழ்நாட்டில் 2003-இல் சட்டமே போட்டார்கள். ஸ்ட்ராஸ் கணக்கு எழுதுவான். வசூலுக்குப் போகிறவன் ஆர்தர்.

பி.காம். முடித்து ஒரு வருஷம் சும்மா இருந்து, 2010-இல் நான் முதலில் சேர்ந்த வேலையும் அதுதான். ஒரு டூ-வீலர் ஃபைனான்ஸ் கம்பெனி. பெயர் வேண்டாம். ஒரு பை, ஒரு ரசீதுப் புத்தகம், ஒரு லிஸ்ட். ஒரு மாசம் பாக்கி என்றால் முதல் பக்கெட், இரண்டு மாசம் என்றால் இரண்டாவது. வாடிக்கையாளர் என்று யாரும் சொல்ல மாட்டோம், 'பார்ட்டி'. டிரெய்னிங் அரை நாள். அதில் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: வீட்டுக்குள்ளே போகாதே. வாசலில் நின்று சத்தமாகப் பேசு.

நசரத்பேட்டைப் பக்கம் ஒரு சந்து. பார்ட்டி பூ வியாபாரி. விடியற்காலை மூன்று மணிக்கு டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கோயம்பேடு போய் மல்லி எடுத்து வருவார். அந்தம்மா கட்டிக் கொடுப்பார். மூன்று தவணை பாக்கி. காலை ஏழு மணிக்குப் போய் வாசலில் நின்று ஆரம்பித்தேன். "வாங்கத் தெரியுதில்ல? கட்டத் தெரியாதா?"

எதிர்வீட்டில் பல் விளக்கிக் கொண்டிருந்தவர் பிரஷ்ஷை வாயிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார். அவர், "தம்பி, உள்ள வந்து பேசுங்க தம்பி, புள்ளைங்க ஸ்கூலுக்குக் கிளம்புதுங்க" என்றார். என்னைவிட இருபது வயது பெரியவர், வாங்க போங்க என்றுதான் பேசினார். நான் உள்ளே போகவில்லை. டிரெய்னிங்!

அடுத்த மாசம் வண்டியைத் தூக்க ஆள் வந்தார்கள். வீட்டை அடையாளம் காட்டியவன் நான். எக்ஸ்.எல்.லின் முன்னால் ஈரச் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அதோடு கொண்டு போனோம். கோடவுன் வரைக்கும் மல்லி வாசனை. எனக்கு இன்சென்டிவ் முந்நூறு ரூபாய். பிரியாணி சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

விளையாட்டுக்கு வருகிறேன். ஸ்ட்ராஸ் லிஸ்டில் தாமஸ் டவுன்ஸ் என்று ஒரு விவசாயி. ஏற்கெனவே நோயாளி. ஆர்தர் போய் வேலி ஓரமாகப் பிடித்து அடிக்க வேண்டும். பெண்டாட்டியும் பையனும் ஓடி வந்து பார்க்கிறார்கள். அடி வாங்குகிறவன் இருமுகிறான். ரத்தம் ஆர்தர் முகத்தில் தெறிக்கிறது. அவ்வளவுதான் காட்சி.

நான் அந்தப் பக்கமே போகவில்லை. ஆட்டத்துக்குள்ளே பல நாள் மீன் பிடித்தேன். மான் அடித்தேன். குதிரையைத் தேய்த்தேன், மேலே சொன்ன ராத்திரி அப்படிப்பட்டதுதான். மேப்பில் அந்த மஞ்சள் அடையாளம் பாட்டுக்குக் காத்துக்கொண்டு இருந்தது. அதைச் செய்யாமல் கதை நகராது. 'வேண்டாம்' என்பதற்கு ஒரு பட்டன் வைக்கவில்லை அந்தப் பாவிகள். கடைசியில் அடித்தேன். பிறகு மச்சானுக்கு ஃபோன் போட்டுக் கத்தினேன். "பெரிய சுதந்திரம்னாங்க! என்னை அடிக்க வச்சுட்டாங்கடா. எனக்கு வேற வழியே குடுக்கல."

ஃபோனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் ஒரு மாதிரி இருந்தது. 'வேற வழியே குடுக்கல' என்பதை நான் முன்பே எங்கேயோ சொல்லியிருக்கிறேன். அந்தப் பிரியாணிக் கடையில். எதிரில் உட்கார்ந்திருந்தவன் என்னோடு அதே நாளில் சேர்ந்தவன். அவன் மறுவாரம் பையை மேஜையில் வைத்துவிட்டு, ஒரு அரிசி மண்டியில் பில் போடப் போனான், ஆயிரம் ரூபாய் சம்பளம் கம்மியாக. நான் ஒன்றரை வருஷம் இருந்தேன்.

கதையைச் சொல்லிவிடுகிறேனே என்று கோபிக்காதீர்கள், வந்து இத்தனை வருஷமாச்சு. அந்த இருமல் ஆர்தருக்கு ஒட்டிக்கொள்கிறது. காசநோய். 1899-இல் மருந்து ஏது? கிருமியை 1882-இல் காக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் அதைக் கொல்ல ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1943-இல். நம்ம தாத்தா காலத்தில் டி.பி. என்றால் ஊரை விட்டுத் தள்ளி தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்தது, ரயில்வே ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. பிறகு 1956-இல் மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சி மையம் வைத்து, நோயாளி வீட்டிலிருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும் என்று உலகத்துக்கே நிரூபித்தார்கள். ஆர்தர் நம்ம ஊரில் அறுபது வருஷம் கழித்துப் பிறந்திருந்தால் பிழைத்திருப்பான்.

இதற்குப் பிறகுதான் மனுஷன் மாறுகிறான். 'இன்னும் ஒரே ஒரு கொள்ளை, அப்புறம் டஹிடி தீவு, மாம்பழத் தோட்டம்' என்று டச் சொல்வதை நம்புவதை நிறுத்துகிறான். (எங்கள் பிராஞ்ச் மேனேஜர் 'இந்த ஒரு மாசம் டார்கெட் மட்டும் முடிச்சுடுங்கப்பா' என்பார். அதே குரல்.) ஸ்ட்ராஸைப் பெட்டி படுக்கையோடு விரட்டுகிறான். கடன்காரர்கள் சிலரைத் தேடிப் போய், கட்ட வேண்டாம் என்கிறான். டவுன்ஸின் விதவையைத் தேடிப் போய்ப் பணம் கொடுக்கிறான். ஆர்தராக நடித்த ரோஜர் கிளார்க்குக்கு அந்த வருஷம் சிறந்த நடிப்பு விருது கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால்தான் அதிசயம். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கின கையோடு கோபமும் வந்தது. ஒவ்வொரு நல்ல காரியத்துக்கும் திரையின் ஓரத்தில் மானம் மரியாதைக்கு ஒரு மீட்டர் வெள்ளைப் பக்கம் நகரும். ஒரு சாயங்காலத்தில் பாவம் பூராவும் கழுவியாகிவிட்டது! விலாசம் எல்லாம் மேப்பிலேயே இருக்கிறது. ஆளும் அங்கேயே இருக்கிறார்.

போன வருஷம் ஒரு நாள் அந்தப் பக்கம் ஒரு கடைக்காரரிடம் பில் வாங்கப் போயிருந்தேன். மெட்ரோ தூண்கள் வந்த பிறகு டிரங்க் ரோடே எனக்கு அடையாளம் தெரிவதில்லை, இருந்தாலும் சந்தைக் கண்டுபிடித்துவிட்டேன். அந்த வீட்டு இடத்தில் மூன்று மாடி, கீழே தண்ணீர் கேன் கடை. தோளில் பையோடு நின்று அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தேன். எதிர்வீட்டிலிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "யாருப்பா... லோன் விஷயமா?" என்றார்.

"இல்லைம்மா, சும்மாதான். இங்க பூக்காரர் ஒருத்தர் இருந்தாரே..."

"அவங்க காலி பண்ணி பத்துப் பன்னண்டு வருஷம் இருக்கும். எங்கன்னு யாருக்கும் சொல்லல. நீங்க ஃபைனான்ஸா?"

திரும்பவும் கேட்டார். திரும்பவும் இல்லை என்றேன். நம்பினதாகத் தெரியவில்லை.

இப்போது ரிசர்வ் பேங்க் 2022-இல் ஒரு உத்தரவு போட்டு, காலை எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஏழு மணிக்குப் பின்னாலும் வசூலுக்கு ஃபோன்கூடச் செய்யக் கூடாது என்றிருக்கிறது. நல்லது. நான் போனது ஏழு மணிக்கு.

ஆட்டத்தின் கடைசி வேலையை நான் இன்னும் தொடவில்லை. மூன்று மாசமாக மஞ்சள் அடையாளம் காத்துக் கொண்டிருக்கிறது. ஆர்தர் ஏரிக்கரையில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறான், குதிரைக்குப் பிரஷ் போடுகிறான், நடுநடுவே இருமுகிறான். நேற்று என் பின்னால் வந்து நின்றாள் சகதர்மிணி. திட்டப் போகிறாள் என்று நினைத்தேன்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "பாவம்ங்க, எந்நேரமும் இருமிக்கிட்டே இருக்காரு. சுக்குக் கஷாயம் மாதிரி ஏதாவது குடுக்க முடியாதா?" என்றாள்.

பையைத் துழாவிப் பார்த்தேன். ஒரு டப்பா பீன்ஸ் இருந்தது.