ஜிம்போச்சோவில் ஓர் இலக்கணப் பாடம்

பழம் புத்தகத்துக்கு வெயில் பகை. இதனை நன்கறிந்தவர்கள் தோக்கியோ நகரின் ஜிம்போச்சோ வணிகர்கள். யசுக்குனி வீதியின் தென்புறத்திலே, வாயில்கள் வடக்கு நோக்கியிருக்கும்படி, வரிசை வரிசையாகப் பழைய புத்தகக் கடைகளை அமைத்திருக்கிறார்கள். இப்பகுதியில் நூற்றுக்கு மேற்பட்ட கடைகள் உள. நிலக்கீழ்ப் புகையிரதத்தை விட்டு நாம் மேலேறி வந்ததும், நடைபாதையோரத்துப் புத்தகத் தட்டுகளே நம்மை வரவேற்றன.

நாம் யப்பானிய மொழியை ஆசிரியர் எவருமின்றிக் கற்கத் தொடங்கியவர்கள். ஹிரகானா எழுத்துக்கள் 46ஐயும் எழுதிப் பழகிய பின்னர், அப்பியாசப் புத்தகமொன்றை வைத்துக்கொண்டு இரவுதோறும் கீறிட்ட இடங்களை நிரப்பி வந்தோம். தொடக்கத்தில் தமிழர்க்கு இம்மொழி இனிதாகவே தோன்றும். செயப்படுபொருள் முன்னே, வினை இறுதியிலே. பெயரின் பின்னே நம் வேற்றுமை உருபு போன்ற ஓர் இடைச்சொல். ‘ஹொன் ஒ யொமிமஸ்’ என்பதை அதே ஒழுங்கில் மாற்றினால் ‘புத்தகத்தை வாசிக்கிறேன்’ என்றாகிவிடும். போதாக்குறைக்கு, ‘இரு’ என்றொரு வினையும் அங்கே உண்டு. அதன் பொருளும் இருத்தலே! அதன் பணிவு வடிவம் ‘இமஸ்’. இந்த ஒற்றுமையே நம்மை அயரச் செய்தது.

கடையொன்றினுள் முதியவர் ஒருவர் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். மனத்துள் பலமுறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தைத் துணிந்து கேட்டோம்: “ஜிஷொ வ இமஸ் கா?” அகராதி இருக்கிறதா என்பது நம் கருத்து. பெரியவர் சிரிக்கவில்லை. “ஹாய், அரிமஸ்” என்று அந்தக் கடைசிச் சொல்லைச் சற்றே நிறுத்திக் கூறி, ஒரு தட்டைக் காட்டினார்.

மனிதர்க்கும் விலங்குகளுக்கும் ‘இரு’, பொருள்களுக்கோ ‘அரு’. ‘அரிமஸ்’ என்பது இதன் பணிவு வடிவம். நம் இலக்கணத்தில் நாயும் நாற்காலியும் அஃறிணை. அவர்களோ நாயை மனிதரோடு சேர்த்திருக்கிறார்கள். மரம் உயிருள்ளதாயினும் ‘அரு’வின் பக்கமே நிற்கும். தானாக அசைந்து செல்வதா, இல்லையா என்பதே அவர்கள் வகுத்த எல்லை. சாரதி அமர்ந்திருக்கும் வாடகைக் காருக்கு ‘இரு’ என்று சொல்வதும் வழக்கில் உண்டு.

பேராசிரியர் சுசுமு ஓனோ (1919–2008) தமிழுக்கும் யப்பானியத்துக்கும் உறவு உண்டென வாதிட்டார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. உறவு எவ்வாறாயினும், ஒலி ஒத்த சொல்லை ஆராயாது நம்பினால் வழுக்கி விழ நேரும் என்பதை அன்று கண்டோம்.

விடுதிக்குத் திரும்பி அப்பியாசப் புத்தகத்தைத் திறந்தோம். மேசை, குடை, மரம் யாவற்றிற்கும் ‘இமஸ்’ என்றே எழுதியிருந்தோம். தெரிந்த சொல்தானே என்றெண்ணிப் பின்பக்கத்து விடைகளோடு ஒப்பிடாமலே விட்டிருக்கிறோம். தனித்துக் கற்பவனுக்குப் பிழை கூற ஆளில்லை. பெயரறியாத அப்பெரியவர் ஒரே சொல்லால் நமக்கு ஆசிரியராயினார்.

அழிறப்பரை எடுத்து முதலாம் வினாவிலிருந்து தொடங்கினோம். நாயைப் பற்றிய வினா வந்தபோது மட்டும் அழிக்க வேண்டியிருக்கவில்லை.